தேவதைக் கதையை இன்றைய காதல் நாவலாக்கினால் படிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். அப்படியிருக்க, பழைய தேவதைக் கதைகளை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதும் ஆங்கிலக் காதல் நாவல்களை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்த வகை ரொம்பப் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

காதல் நாவல் படிக்கிற யாரும் சேர்வார்களா மாட்டார்களா என்ற பதைப்பில் படிப்பதில்லை. எது அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது, அது எப்படி விலகுகிறது என்று பார்க்கத்தான் படிக்கிறோம். தேவதைக் கதை என்றால் இதில் இன்னொரு சுவாரசியம் சேர்ந்துகொள்கிறது. பழைய கதையில் சாபமும் மந்திரமும் கண்ணாடிச் செருப்பும் ஆளுக்கொரு வேலை பார்க்கின்றன. இன்றைய நியூயார்க்கிலோ கலிஃபோர்னியாவிலோ நடக்கிற கதையில் மந்திரத்துக்கு இடம் கிடையாது. அப்போது அந்த வேலையை எது பார்க்கும்? புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் தேடுவது இதைத்தான்.

ஜாஸ்மின் கில்லரியின் 'பை தி புக்' நாவலை எடுத்துக்கொள்வோம். 2022இல் வந்தது. டிஸ்னியின் பழைய கதைகளை வேறுவேறு எழுத்தாளர்கள் இன்றைய காதல் நாவல்களாக எழுதும் 'மென்ட் டு பி' வரிசையில் இது இரண்டாவது. மூலக்கதை 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', அதாவது சாபத்தால் மிருகமாகிப்போன இளவரசனும் ஓர் அழகியும் சேரும் கதை. நாயகி இசபெல்லுக்கு வயது 25. நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே இருக்கும் மிகச் சில கறுப்பினத்தவர்களில் அவளும் ஒருத்தி. வேலை அதிகம், சம்பளம் குறைவு, இன்னும் பெற்றோர் வீட்டிலேயே வாசம். போ டவர்ஸ் என்ற பிரபலம் தன் வாழ்க்கைக் கதையை எழுதித் தருவதாக ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கையெழுத்துப் பிரதியைத் தராமல் இழுத்தடிக்கிறான். அதைப் பற்றி மேலதிகாரி புலம்புவது இவள் காதில் விழுகிறது. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் இருக்கும் அவன் மாளிகைக்கே போய்ப் பேசி எழுத வைத்துவிட்டால் தனக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறாள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பழைய கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

இன்று நமக்குத் தெரிந்த கதையின் உருவம் 1756இல் வந்தது. எழுதியவர் லெப்ரன்ஸ் த போமோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. லண்டனில் வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். 1740இல் வில்நெவ் என்ற இன்னொரு பிரெஞ்சுப் பெண்மணி எழுதிய மிக நீண்ட கதையைத்தான் அவர் வெட்டிச் சுருக்கி, தன் மாணவிகளின் வயதுக்கு ஏற்றபடி மாற்றினார். ஆக, நாம் மூலம் என்று நினைப்பதே ஒரு மறுஆக்கம்தான். இந்தக் கதைகளை மாற்றி எழுதக்கூடாது என்று யாராவது கோபப்பட்டால் நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

போமோனின் கதையில், வழி தவறிய வியாபாரி மிருகத்தின் தோட்டத்தில் தன் கடைசி மகளுக்காக ஒரு ரோஜாவைப் பறிக்கிறார். அதற்குத் தண்டனை மரணம். அல்லது மகள்களில் ஒருத்தி அவருக்குப் பதிலாக வர வேண்டும். அழகி கிளம்புகிறாள். வழியனுப்பும்போது அழுகையே வராத அக்காமார் இருவரும் கண்ணில் வெங்காயத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள். இவ்வளவு சின்னக் கதையில் அந்த வெங்காயத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார் பாருங்கள், அதற்காகவே எனக்கு போமோனைப் பிடிக்கும். அப்புறம் மிருகம் இரவு உணவு வேளையில் வந்து உட்கார்ந்து, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறது. அவள் மாட்டேன் என்கிறாள். மாதக்கணக்கில் இப்படியே போகிறது.

மிருகம் எவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டாலும் அதன் அனுமதி இல்லாமல் அவளால் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அப்பாவின் உயிருக்கு ஈடாக வந்தவள் அவள். அடைத்து வைத்தவன் மீதே வருகிற அன்பைக் காதல் என்று எப்படிச் சொல்வது என்பது இன்றைய வாசகிக்கு நியாயமாக எழும் கேள்வி. இந்தக் கதையை மறுபடி எழுதுகிற யாரும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ரோஜாவையும் டிஸ்னி படத்தில் வரும் மஞ்சள் கவுனையும் நடன அரங்கையும் வைத்து ஒப்பேற்றிவிட முடியாது.

கில்லரியின் பதில் எனக்கு நிறைவாக இருந்தது. இசபெல் நினைத்த அன்றே விமானம் ஏறலாம். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. அந்த மாளிகையில் தங்குவதற்கான காரணம் அவளிடமே இருக்கிறது. புத்தகங்கள் மீதுள்ள ஆசையால் இந்தத் தொழிலுக்கு வந்தவள். அந்த ஆசையே வற்றிக்கொண்டிருக்கிறது என்ற பயத்தில் இருக்கிறாள். ஒரு வேலையையாவது முழுசாகத் தன் கையால் முடித்துக் காட்ட வேண்டும் என்று தவிக்கிறாள். அப்பாவுக்காகப் போன பெண் இங்கே தனக்காகப் போகிறாள். சாபம் இருந்த இடத்துக்கு எழுத முடியாத தவிப்பு வந்திருக்கிறது. போ டவர்ஸ் தன்னைப் பற்றிய உண்மையை எழுதினால்தான் மாற முடியும். அதை அவனுக்காக அவள் எழுதித் தர முடியாது. பக்கத்தில் இருக்கத்தான் முடியும். காதல் அங்கேதான் பிறக்கிறது.

போமோனின் கதையிலேயே மிருகத்தின் அரண்மனையில் அழகிக்கென்று ஒதுக்கிய அறையில் பெரிய நூலகம் ஒன்று உண்டு. பழைய கதையில் அது அவள் மனசைக் குளிரவைக்கும் ஒரு வசதி, அவ்வளவுதான். இங்கே புத்தகமே இருவருக்கும் பிழைப்பாகவும் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது. ஒரு நல்ல மறுஆக்கம் மூலக்கதையின் ஓரத்தில் கிடந்த பொருளை நடுவில் கொண்டுவந்து வைக்கும்போது கிடைக்கிற சந்தோஷம் தனி.

குறையும் இருக்கிறது. போ டவர்ஸ் போதுமான அளவு மிருகம் இல்லை. ஆரம்பத்தில் சிடுசிடுப்பவன் சீக்கிரமே தங்கமான பையனாகிவிடுகிறான். போமோனின் அழகி மிருகத்தின் உருவத்தைப் பார்த்து உண்மையிலேயே நடுங்குகிறாள். அதைத் தாண்டி வருவதால்தான் அவள் சம்மதத்துக்கு அத்தனை கனம். இங்கே தாண்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காதல் பகுதியைவிட அலுவலகப் பகுதிதான் என் மனதில் நின்றது. வாய் திறப்பதா, விழுங்கிக்கொள்வதா என்று ஒவ்வொரு நாளும் அவள் படும் பாட்டை கில்லரி உள்ளே இருந்து எழுதியிருக்கிறார்.

இதே வரிசையின் முதல் நாவல், ஜூலி மர்ஃபியின் 'இஃப் தி ஷூ ஃபிட்ஸ்' (2021), சிண்ட்ரெல்லாவை எடுத்துக்கொள்கிறது. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் பதிப்பைப் படித்தவர்களுக்கு அந்தச் செருப்பு எவ்வளவு கொடூரமானது என்று தெரியும். மாற்றாந்தாயின் ஒரு மகள் கால்விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. செருப்புக்கு ஏற்றபடி உடம்பு மாற வேண்டும் என்பது அந்தக் கதையின் அடியில் ஓடும் விதி. மர்ஃபி அதை அப்படியே திருப்பிவிடுகிறார். அவருடைய சிண்டி பருமனான பெண். செருப்பு வடிவமைப்பில் பட்டம் பெற்றவள். செருப்பைக் காலுக்கு ஏற்றபடி செய்கிற கை அவளுடையது. மாற்றாந்தாய் தயாரிக்கும், மணப்பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் டிவி நிகழ்ச்சியில் போட்டியாளராகப் போய் நிற்கிறாள். மாற்றாந்தாயும் அவள் பெண்களும் இங்கே நல்லவர்கள். அதனால் பழைய கதையின் காரம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு திருப்பத்துக்காகவே படிக்கலாம்.

பெயரை மட்டும் பெல்லா என்று வைத்துவிட்டு, கோபக்காரப் பணக்காரன் ஒருவனை மிருகம் என்று சொல்லிவிட்டு, அட்டையில் ரோஜா போட்டு விற்கும் நாவல்களும் இருக்கின்றன. அவற்றை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். அவள் ஏன் அந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். அவன் அழகாக இருக்கிறான் என்பதைத் தவிர அவற்றில் பதில் இருக்காது.

தொடங்குவதாக இருந்தால் முதலில் போமோனின் கதையைப் படியுங்கள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். காப்புரிமை முடிந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 'பை தி புக்' நாவலை எடுங்கள். டிஸ்னியின் 1991 படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனால் கில்லரி எதை மாற்றினார் என்பதில் பாதி தெரியாமல் போய்விடும். அந்தப் படத்தில் அக்காமாரும் இல்லை, வெங்காயமும் இல்லை.