கையைக் கடிக்காத கத்திச் சேகரிப்பு

கேள்வி: மடக்குக்கத்தி சேர்க்க ஆசை, ஆனால் புதிது புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மாற்றியும் விற்றும் சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. கொடுத்த விலையில் திரும்ப விற்ற விலையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் செலவு. புதுக் கத்திக்குப் பெட்டியைப் பிரித்ததுமே பெரும்பாலும் விலை இறங்கிவிடும். அந்த இறக்கத்தை முதல் சொந்தக்காரர் சுமக்கட்டும், நீங்கள் இரண்டாவது ஆளாக வாங்குங்கள். ஒரு தொகையை ஒதுக்கி அதற்குள்ளேயே சுழற்றுங்கள். விற்ற பணம் கைக்கு வருமுன் அடுத்ததற்கு முன்பணம் வேண்டாம். மலிவுக் கத்திகளை வாங்கிக் குவிப்பதும் வீண். விற்கும்போது தபால் செலவே தின்றுவிடும். பெட்டியையும் காகிதங்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: பழைய கத்தியில் எதைச் சோதிப்பது?

பதில்: அலகைத் திறந்து, முதுகைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால், அலகு சுழலும் அச்சுத் திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகும். மிஞ்சினால் அலகு மடங்காமல் அடம்பிடிக்கும். மேலும் கீழுமாக ஆடினால், திறந்த அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டு தேய்ந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். லைனர் லாக் வகையில், அதாவது பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகைத் தாங்கும் வகையில், அந்தப் பூட்டுத் தகடு நகர்ந்து நகர்ந்து எதிர்ப்பக்கத் தகட்டையே தொட்டுவிட்டால் அதையும் வாங்காதீர்கள். திருகுத் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்து மேய்ந்திருக்கிறார்கள்.

பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். சக்கரத்தில் மெருகேற்றினால் அலகில் பொறித்த நிறுவன முத்திரை மழுங்கி விலை விழும். சாணைச் சூட்டில் விளிம்பு நீலம் பாரித்திருந்தால் அங்கே எஃகின் பதம் போய்விட்டது. தீட்டினாலும் கூர் நிற்காது. கார்பன் எஃகின் மேல் படிந்த சாம்பல் நிறப் படலம் குறையே அல்ல, அதைத் தேய்த்து எடுப்பதுதான் பாவம். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்து குழி விழுந்தால் துரு. வயதை முத்திரையே சொல்வதும் உண்டு: அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. அந்த வரிசையில் 6 புள்ளி என்றால் 1974.

கேள்வி: முகம் தெரியாதவருடன் மாற்றிக்கொள்வது எப்படி?

பதில்: அலகின் இரு பக்கம், விளிம்பு, பூட்டு, மடக்கிய நிலை என எல்லாப் படங்களையும் கேளுங்கள். அவற்றில் ஒன்றிலாவது அன்றைய தேதி எழுதிய சீட்டு கத்திக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் கத்தியின் கீறலை நீங்களே முந்திக் காட்டிவிடுங்கள், பேரம் சுருக்கமாக முடியும். மடங்காத கத்தி என்றால் விளிம்பை மூடித் தடித்த அட்டையை மடித்து ஒட்டி அனுப்புங்கள். அலகின் நீளம், விசையில் திறப்பது பற்றிய சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அனுப்பும் இடம், சேரும் இடம் இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: விற்கும்வரை தோலுறையிலேயே வைக்கலாமா?

பதில்: கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகில் துரு ஏற்றும், பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டும். மினரல் ஆயில் மெல்லத் தடவி உறைக்கு வெளியே வையுங்கள். செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பிடி போட்ட பழங்கத்தியை மட்டும் தனியே, காற்றோட்டமாக வைக்க வேண்டும். அந்தப் பிடி சிதையத் தொடங்கினால் கிளம்பும் அமில ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருவேற்றிவிடும்.