கச்சத்தீவு, இழுவை மடி, மீனவர் கைது: கேள்வி பதில்

தூத்துக்குடி வாசகர்: கச்சத்தீவை மீட்டால் மீனவர் கைது நின்றுவிடுமா, ஐயா?

நிற்காது. தீவின் பரப்பு 285 ஏக்கர்தான். நம் விசைப்படகுகள் பல, அதைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கமும் யாழ்ப்பாணக் கரையோரமும் பிடிபடுகின்றன. தீவு கைக்கு வந்தாலும் அந்தக் கடல் இலங்கையுடையதுதான். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் மீட்புத் தீர்மானம் போட்டது. அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் அதுவே தீர்வு என்று மீனவக் குடும்பங்களிடம் சொல்வது அவர்களை ஏமாற்றுவது.

மதுரை மாணவி: கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தம் நமக்கு மீன்பிடி உரிமை தந்ததா?

மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது 5-ஆம் பிரிவு. மீன்பிடிப்பதை அது குறிப்பிடவில்லை. 6-ஆம் பிரிவு இரு நாட்டுப் படகுகளின் மரபுரிமையைப் பேசுகிறது. வாதாட அங்கே இடமுண்டு. ஆனால் 1976 மார்ச்சில் நடந்த கடிதப் பரிமாற்றம், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாக எழுதிவிட்டது. அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதைத் தட்டிக்கேட்க இங்கே ஒரு சட்டமன்றமே இல்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

பருத்தித்துறை வாசகர்: அண்ணை, எங்கட வலை அறுந்து போறதைப் பற்றி உங்கட பக்கம் ஏன் ஒருத்தரும் கதைக்கிறேல்லை?

உங்கள் கோபம் நியாயமானது. போர்க்காலத்தில் உங்களைக் கடலுக்கே விடவில்லை. 2009-க்குப் பிறகு கடன்பட்டு வலை வாங்கி இறங்கினீர்கள். அந்த வலையின் மேல் இரவில் எங்கள் இழுவைப் படகு ஏறிப் போகிறது. இழுவை மடி என்பது படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை; அது கடலடியையே வழித்தெடுக்கிறது; குஞ்சு மீனும் மிஞ்சாது. 2017-ல் இலங்கை அதைத் தடைசெய்தது சரியான முடிவு. இரண்டு கரையிலும் தமிழர்தான் என்று மேடையில் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாகை வாசகர்: அப்படியானால் இலங்கைக் கடற்படை சுடுவதும் சரியா?

ஒருபோதும் இல்லை. எல்லை தாண்டினால் வழக்குப் போடலாம். உயிரை எடுக்க எந்தக் கடற்படைக்கும் உரிமை கிடையாது.

ராமேஸ்வரம் படகு உரிமையாளர்: இழுவைப் படகுக்கு மாற்றாக வந்த ஆழ்கடல் படகுத் திட்டம் ஏன் எடுபடவில்லை?

2017-ல் அறிவித்தபோது ஒரு படகின் விலை 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, உங்கள் கைக்காசு 10. மூன்றாண்டில் 2,000 படகு என்றார்கள். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். இன்று போய் நாளை கரை திரும்புகிறவரை, வாரக்கணக்கில் கடலில் தங்கி தூண்டிலில் சூரை மீன் பிடிக்கச் சொன்னால் தொழிலே வேறு. டீசல், ஐஸ் எல்லாம் பெரிய செலவு. அப்புறம், படகில் கூலிக்குப் போகிறவரைத் திட்டம் கண்டுகொள்ளவே இல்லை. சிறைக்குப் போவதில் பெரும்பாலோர் அவர்கள்தானே?

சென்னை வாசகர்: டெல்லியிடம் எதைக் கேட்கலாம்?

இழுவைப் படகுகளைக் கட்டுப்படியாகும் விலைக்கு அரசே வாங்கிக்கொள்ளட்டும். கூலியாட்களுக்கும் அதில் பங்கு வேண்டும். இழுவை மடியிலிருந்து விலகும் தேதியை நாமே அறிவித்துவிட்டு, அதற்கு ஈடாக நாட்டுப்படகுகளுக்கு மட்டும் குறிப்பிட்ட நாட்களில் இலங்கைக் கடலில் மீன்பிடிக்க அனுமதி கேட்கலாம். இரு தரப்பு மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசிய பிறகே அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும்.