மாப்பிள்ளையின் கராஜில் துப்பாக்கிக் குண்டு

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக டெக்சாஸ் வந்திருக்கிறேன். பேரனுக்கு இரண்டு மாதம். மாப்பிள்ளை சுட்டுப்போட்ட சின்னத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, உள்ளே ஈயம் வைத்து அழுத்தி, கராஜிலேயே துப்பாக்கிக் குண்டு செய்கிறார். கேட்டால், “ஹாபி அத்தை” என்கிறார். போலீஸ் வராதா? வெடித்துவிடாதா? ஊருக்குக் கிளம்பும்போது மாமாவுக்குக் கீ செயின் போட ஒரு தோட்டா தருகிறாராம்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: போலீஸ் வராது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. விற்கத் தொடங்கினால்தான் வேண்டும்.

வெடிக்கும் பயமும் இந்த வேலையில் இல்லை. அவர் செய்வது தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகும் குண்டு மட்டும். அதில் வெடிமருந்து கிடையாது. மருந்து நிரப்புவது தனி வேலை. அதையும் செய்கிறாரென்றால், மருந்து டப்பாக்களைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், வாட்டர் ஹீட்டருக்கு எட்டத்தில்.

ஈயம் மெத்தென்ற உலோகம். வேகம் கூடினால் துப்பாக்கிக் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் 1882-இல் சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் அதற்குச் செம்பு உறை போட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு உறை போட்ட குண்டு கிடைக்காதபோது, வெர்னன் ஸ்பியர், ஜாய்ஸ் ஹார்னடி போன்றவர்கள் உங்கள் மாப்பிள்ளை பொறுக்குவது போன்ற சின்னத் தோட்டாக்களின், அதாவது பாயிண்ட் 22 (0.22 அங்குல) தோட்டாக்களின், சுட்ட கூடுகளையே உறையாக்கினார்கள். இருவர் பெயரிலும் பின்னால் பெரிய கம்பெனிகள் வந்தன. ஆக, மாப்பிள்ளை கிறுக்குத்தனமாக எதுவும் செய்யவில்லை. காசு மிச்சம் என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். குண்டை அழுத்தி வடிவமைக்கும் நல்ல அச்சுகளின் விலை அப்படி.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. ஈயத்தூள். சுட்ட கூடுகளுக்குள் ஒட்டியிருக்கும் கரியிலேயே ஈயம் உண்டு. அவற்றைச் சுத்தம் செய்ய உலர்ந்த தூளோடு இயந்திரத்தில் போட்டு உருட்டுவார்கள். அதைச் சலிக்கும்போது கிளம்பும் புழுதி மோசமானது. ஈயத்தை உருக்கி ஊற்றுகிறாரென்றால் இன்னும் கவனம் வேண்டும். குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. மூளை வளர்ச்சியில்தான் கை வைக்கும். பேரன் தவழத் தொடங்கினால் தரையிலிருப்பதெல்லாம் வாய்க்குப் போகும்.

எனவே கூடுகளைத் தண்ணீரில் கழுவும் முறைக்கு அவர் மாறட்டும். கராஜ் செருப்பு கராஜிலேயே கிடக்கட்டும். வேலை முடிந்ததும் சட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னால், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் டெஸ்ட் எப்போது எடுக்கலாம் என்று சொல்வார். மாப்பிள்ளையும் எடுத்துக்கொள்ளட்டும். மகள் பால் கொடுப்பதால் அவளும்தான்.

அப்புறம் அந்தக் கீ செயின். வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஆயுதச் சட்டம் 1959-இன்படி தோட்டாவின் உதிரிபாகமும் தோட்டாதான். விமான நிலைய ஸ்கேனரில் சிக்கினால், மாப்பிள்ளை ஆசையாகத் தந்தது என்று சொல்லிச் சுலபமாகத் தப்ப முடியாது. மாமாவுக்கு ஒரு தொப்பி வாங்கித் தரச் சொல்லுங்கள்.