ரேடியோ கெட்டுப்போகல, ஸ்டேஷன்தான் போயிடுச்சு

கேள்வி: சார், அப்பாவுக்கு 78 வயசு. ராத்திரி ஷார்ட்வேவ்ல வெளிநாட்டு வானொலி கேட்டே பழகினவர். பரண்ல கெடந்த பழைய ரேடியோவ எறக்கிப் போட்டா மீடியம்வேவ் சுமாரா எடுக்குது, ஷார்ட்வேவ்ல வெறும் இரைச்சல். மெக்கானிக், உள்ள இருக்குற காயில் (கம்பிச் சுருள்) போச்சு, எல்லாத்தையும் மாத்தணும்கிறார். ஆன்லைன்ல '20 பேண்ட் வேர்ல்ட் ரிசீவர்'னு விக்கிறாங்களே, அத வாங்கினா பழைய ஸ்டேஷன் எல்லாம் வருமா?

பதில்: வராது. எந்த ரேடியோ வாங்கினாலும் வராது, ஏன்னா அனுப்புறவனே இல்ல. சுவிட்சர்லாந்து 2004லயே ஷார்ட்வேவ விட்டுட்டாங்க, கனடாவும் நெதர்லாந்தும் 2012ல, ஆஸ்திரேலியா 2017 ஜனவரில, நம்ம ஆளுங்க உயிரா இருந்த பிபிசி தமிழோசையும் அதே வருஷம் ஏப்ரலோட நின்னுபோச்சு. அப்பா முள்ள வெச்சிக்கிட்டுத் தேடுற எடம் எல்லாம் காலி மனை. இது புரியாம ரேடியோவ மேல மேல ரிப்பேர் பண்றவங்கள நான் எத்தனையோ பேரப் பாத்துட்டேன்.

உங்க மெக்கானிக் சொன்னத இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல ரேடியோவ பேட்டரில போட்டு மொட்டைமாடிக்கோ வெட்டவெளிக்கோ எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்குள்ள வேணாம், எல்இடி பல்பு, போன் சார்ஜர், வைஃபை பெட்டி எல்லாம் சேந்து போடுற கூச்சல்ல எந்த ஸ்டேஷனும் அமுங்கிடும், அப்பா கேட்ட காலத்துல இந்தச் சனியன் எதுவும் கெடையாது. வெளிய போய் 31 மீட்டர் பேண்ட், அதாவது டயல்ல 9.4லேர்ந்து 9.9 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், நகம் அளவு நகம் அளவா நகத்துங்க. அங்க இல்லன்னா 49 மீட்டர், 5.9லேர்ந்து 6.2. சீன வானொலியாவது மாட்டாம போகாது. ஒரு குரல் கேட்டுடுச்சுன்னா ரேடியோ நல்லா இருக்குன்னு அர்த்தம், மெக்கானிக்குக்கு ஒரு கும்புடு போட்டுடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கலாம். மீடியம்வேவ் பாடுது, ஷார்ட்வேவுக்கு மாத்தினா இரைச்சல் கூட இல்லாம செத்துக் கெடக்குது, ஏரியல விரலால தொட்டா ஒரு 'டக்' கூட வரல, அப்படின்னா பழுதுதான். ஆனா பத்துல எட்டு தடவ அது காயில் இல்ல, பேண்ட் மாத்துற சுவிட்ச்சுல களிம்பு புடிச்சிருக்கும். வருஷக்கணக்கா ஒரே பேண்ட்ல கெடந்தா அப்படித்தான் ஆகும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கொஞ்சம் அடிச்சி சுவிட்ச இப்படியும் அப்படியும் ஒரு முப்பது தடவ தள்ளுங்க, அரைமணி காயவிட்டு மறுபடி போடுங்க. உங்களுக்கு இரைச்சல் வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதனால இதுவும் அநேகமா தேவைப்படாது, ஆனாலும் செஞ்சி பாக்குறதுல நஷ்டமில்ல. காயில மட்டும் யாரும் தொட விடாதீங்க. உள்ள இருக்குற கருப்புத் திருகாணிய ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திருகிட்டா அது ஒடைஞ்சி போகும், அப்புறம் டயல்ல இருக்குற நம்பருக்கும் வர்ற ஸ்டேஷனுக்கும் சம்பந்தமே இருக்காது.

அப்புறம் அந்த 20 பேண்ட். ஒரே அடிஸ்கேல இருபது துண்டா ஒடைச்சி இருபது ஸ்கேல்னு விக்கிற வேலை அது, மொத்த நீளம் அதேதான். மலிவு செட்டுல இன்னொரு கூத்து, ஒரே ஸ்டேஷன் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு எடத்துலயும் பேய் மாதிரி வரும், வாங்கினவர் ரெண்டு ஸ்டேஷன் புடிக்குதுன்னு சந்தோஷப்படுவார். கூடவே 'பூஸ்டர் ஏரியல்'னு ஒண்ணு தலைல கட்டுவாங்க, அது குரலோட சேத்து இரைச்சலையும்தான் பெருசாக்கும். சாதா ஒயர் ஏழெட்டு மீட்டர் எடுத்து வெளிய இழுத்துக் கட்டி ஏரியல்ல ஒரு கிளிப் போட்டாப் போதும். இடி மின்னல் வந்தா கழட்டிடுங்க. விக்கிறவன் குடுக்குற ஸ்டேஷன் லிஸ்ட்ட நம்பாதீங்க, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசை அட்டவணை மாறும், அவன் குடுக்குறது எந்தக் காலத்துதோ.

ஷார்ட்வேவ் ஸ்டேஷன மூடினவங்க சொல்ற காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 250, 500 கிலோவாட் டிரான்ஸ்மிட்டருக்கு கரண்ட் பில்லு கட்டுப்படியாகல, கேக்குறவன் எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போயிட்டான். சரி, சண்டை வந்து இன்டர்நெட்ட புடுங்கினா? 2022ல உக்ரைனுக்கு பிபிசி மறுபடி ஷார்ட்வேவ்லதான தெனம் நாலு மணிநேரம் செய்தி அனுப்புச்சு. ஆஸ்திரேலியா நிறுத்தினப்போ பசிபிக் தீவுக்காரங்க புயல் எச்சரிக்கைக்கு எங்க போவோம்னு கத்தினாங்க, ஒருத்தரும் காதுல வாங்கல, ஆஸ்திரேலியா காலி பண்ண சில அலைவரிசைல அப்புறம் சீன வானொலி வந்து உக்காந்துக்கிச்சு. கணக்குப்புள்ளைங்க கையில வானொலியக் குடுத்தா இதான் நடக்கும்.

அப்பாவுக்கு அந்த உருட்டித் தேடுற சுகம்தான் வேணும்னா இன்னொரு வழி இருக்கு. நெதர்லாந்து ட்வென்டே பல்கலைக்கழகத்துல ஒரு ஷார்ட்வேவ் ரிசீவர இன்டர்நெட்ல இலவசமா தெறந்து விட்டிருக்காங்க, போன்லயே யாரும் முள்ள நகத்தலாம். இதுக்குக் காசு கேக்குற ஆப் எதையும் போட்டுடாதீங்க. பழைய செட்டுல தேடினா சீனா, ருமேனியா, துருக்கி, நியூசிலாந்து எல்லாம் இன்னும் ஷார்ட்வேவ்ல இருக்காங்க, ஆனா எல்லாம் உங்க பக்கம் திருப்பி அனுப்புறதில்ல, மாட்டினா அதிர்ஷ்டம்.

ரேடியோ இன்னும் மெக்கானிக் கிட்டதான் இருக்குன்னா இன்னைக்கே போய் வாங்கிடுங்க. வாங்கும்போது பின்மூடியத் தெறந்து காயில் மேல இருக்குற மெழுகு ஒடையாம இருக்கான்னு பாருங்க, ஒடைஞ்சிருந்தா ஏற்கனவே கை வெச்சிட்டார்னு அர்த்தம்.