சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாந்து பார்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. கோடை தொடங்கியதிலிருந்து மூன்று முறை சில்லுமூக்கு உடைந்துவிட்டது. உடம்புச் சூடு என்று சொல்லி, என் மாமியார் அவனை அண்ணாந்து படுக்க வைத்து உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றுகிறார். சென்ற முறை அவன் இரத்தமாக வாந்தி எடுத்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மூளையில் ஏதேனும் கோளாறு இருக்குமோ?
– வாசகி, வேலூர்.

பதில்: அன்புச் சகோதரி, அந்த வாந்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணாந்து படுத்தால் இரத்தம் வெளியே வடியாமல் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கும். அது வயிற்றுக்கு ஒவ்வாததால் குமட்டிக்கொண்டு வெளியே வரும். அவன் கக்கியது பெரும்பாலும் அவனே விழுங்கிய இரத்தமாகத்தான் இருக்கும்.

இரு நாசிகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தொலைவிலேயே, மெல்லிய இரத்தக் குழாய்கள் பல வந்து கூடும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு இரத்தம் கசிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். வறண்ட காற்றிலும், இரவெல்லாம் ஓடும் ஏ.சி.யிலும் அந்தச் சவ்வு உலர்ந்து பொருக்குத் தட்டுகிறது. பொருக்கு அரிக்க, பிள்ளை தூக்கத்தில்கூட விரலை விட்டு நோண்டுகிறான். ஆகையால் உங்கள் மாமியார் சூடு என்று சொல்வதை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தச் சூடு காற்றில் இருக்கிறது, தலையில் தண்ணீர் ஊற்றுவதால் அது தீராது. சளியும் ஒவ்வாமைத் தும்மலும்கூட இதைத் தூண்டும்.

அடுத்த முறை அவனை நிமிர்ந்து உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்யுங்கள். மூக்கெலும்பு முடிந்து, தொட்டால் மெத்தென்றிருக்கும் கீழ்ப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரு பக்கமும் சேர்த்து இறுகப் பிடியுங்கள். பலர் மேலே எலும்பைப் பிடிக்கிறார்கள், அதனால் பயனில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் பிடித்தபடியே இருக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையில் விரலை எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் கலைந்து மீண்டும் ஒழுகும். அவன் வாயால் மூச்சுவிடட்டும். தொண்டைக்கு வருவதைத் துப்பட்டும். பஞ்சு அடைக்க வேண்டாம், எடுக்கும்போது பொருக்கும் சேர்ந்து பிய்ந்துவரும். நிற்கவில்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் பிடியுங்கள்.

நின்றபின் ஒரு நாளாவது மூக்கைச் சிந்தாமலும் நோண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, படுக்கும் முன் நாசியின் உள்விளிம்பில் மெல்லியதாக வாசலின் தடவி வந்தால் பொருக்குக் கட்டுவது குறையும்.

அரை மணி நேரமாகியும் நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்ட பின் வடிந்தாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு மூக்கில் இரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே நாசியில் நாற்றமடிக்கும் சளியோடு இரத்தம் கசிந்தால், புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்களே எடுக்க முயல வேண்டாம். வீட்டுப் பெரியவர்களில் ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இப்படி நேர்ந்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மூன்று முறை வந்துவிட்டதால், உங்கள் மகனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பல் ஈறில் இரத்தம் கசிவதோ, அடிபடாமலே உடம்பில் நீலத்திட்டுகள் தோன்றுவதோ உண்டா என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைக் கொண்டுதான் இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.