கதையில் அடி யார் முதுகில் விழுகிறது?

கதை, சினிமா, கூத்து இவற்றில் வரும் நீதியையும் சமூகத்தையும் எப்படிப் பார்ப்பது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். வாழைச்சேனையிலிருந்து தம்பிலுவில் வரை கேள்விகள் வந்துவிட்டன. தமிழ் படிப்பித்த பழக்கம், சில இடங்களில் வகுப்பு நடத்துவது போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: சேர், புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதைக்குக் கருப்பொருள் வறுமை என்று எழுதினேன். பாதிப் புள்ளிதான் கிடைத்தது. ஏன்?

மகள், வறுமை அந்தக் கதை நடக்கிற இடம். கதை என்ன கேட்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அம்மாளுவின் புருஷன் ஜட்கா வண்டிக்காரன், அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி வைக்கக் காசில்லை. அவள் இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அந்த இடத்தில் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு, கற்பைப் பற்றிக் கதைக்கிற நம்மைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார். அடி விழுவது நம் முதுகில். 'கற்பு பேசுகிறவர்கள் அவள் வீட்டுக் கஞ்சிக்கு வழி செய்தார்களா என்று இக்கதை கேட்கிறது' என்று ஒரு வசனம் எழுதியிருந்தால் நான் முழுப் புள்ளி போட்டிருப்பேன். கருப்பொருளை முழு வசனமாக எழுதிப் பழகுங்கள். அதை ஒருவர் மறுத்துப் பேச இடமிருக்க வேண்டும். வெறும் 'வறுமை'யை யார் மறுப்பார்?

தம்பிலுவில், வாசகி: வைகாசியில் கோயிலில் கண்ணகி வழக்குரை என்ற கதைப்பாடலைப் படிக்கக் கேட்டு வளர்ந்தவள் நான். பிழை செய்தது பாண்டியன். ஊரை எரித்தது எந்த நியாயம்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இந்த உறுத்தல் சிலப்பதிகாரம் பாடிய இளங்கோவுக்கே இருந்திருக்கிறது. அதில் வஞ்சினமாலை என்ற பகுதியில் கண்ணகி தீக்கடவுளிடம், பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். கண்மூடித்தனமான கோபம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று காவியம் கவனமாக இருக்கிறது. சரி, அந்தப் பட்டியலில் யார் இல்லை என்றும் பாருங்கள். மதுரையில் கூலிக்கு மூட்டை சுமந்தவனை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

இதைவிட என்னை உலுக்கும் இடம் ஒன்று, காவியத்தின் முன்பகுதியில் உரைநடையாக வரும் உரைபெறு கட்டுரையில் இருக்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்துப் போகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது. பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன், செத்தது ஆயிரம் பேர். ஒருவன் பிழையை அவன் சாதி முழுவதன் தலையிலும் கட்டுவதைக் காவியம் நல்ல செய்தியாகவே சொல்லிவிட்டுப் போகிறது. பட்டிமன்றத்தில் 'கண்ணகியா மாதவியா' என்று தொண்டை கிழியப் பேசுகிறோம், இதை யாரும் தொடுவதில்லை.

அப்புறம், நம் ஊர் இந்தக் கதையை எரிப்போடு விடவில்லை. வழக்குரை படித்து, கடைசியில் அம்மனைக் குளிரச் செய்யும் குளிர்த்திச் சடங்கு ஆடி, அம்மன் கோபத்தை ஆற்றித்தான் சடங்கை முடிக்கிறோம். கோபம் நியாயமானதுதான், ஆனாலும் அது எரிந்துகொண்டே இருந்தால் ஊர் தாங்காது என்று நம் முன்னோர் கூடி எடுத்த முடிவாகவே நான் இதைப் பார்க்கிறேன். இதையும் ஓர் இலக்கிய விமர்சனம் என்பேன். உங்கள் கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

ஏறாவூர், ஒரு தாய்: மகனுக்கு 15 வயது. கத்தியும் துப்பாக்கியுமாக வரும் படங்களையே பார்க்கிறான். தடுக்கட்டுமா?

தடுத்தால் போனில் பார்ப்பான் தங்கச்சி. கூட இருந்து பாருங்கள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: செத்தவனுக்காக யார் அழுதார்கள்? அநேகமான படங்களில் செத்தவனுக்குப் பெயரும் இருக்காது, வீடும் இருக்காது. படத்தின் நீதி அங்கே இருக்கிறது. கடைசியில் கதாநாயகன் பேசும் புத்திமதியைப் பையன்கள் காதில் வாங்குவதில்லை.

2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தை அவனோடு இருந்து பாருங்கள். சாதிக்காகக் கொலை செய்கிறவர் அதில் தெருவில் போகிற சாதாரணக் கிழவர் மாதிரி இருப்பார். அடி முழுக்க வாங்கிய கதாநாயகன் பரியன் கடைசியில் கத்தி எடுக்காமல், தன்னோடு படித்த பெண்ணின் தகப்பனோடு பேசுகிறான். படம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு தேத்தண்ணிக் கிளாஸில் முடிகிறது. அது சமரசம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கிளாஸ் இரண்டும் இன்னும் தனித்தனியாகத்தானே இருக்கின்றன?

அக்கரைப்பற்று, ஆசிரியர்: போரை எழுதுகிறவர் ஒரு பக்கம் சாயலாமா?

சாயலாம். சாய்ந்திருப்பது தனக்கே தெரியாமல் எழுதுவதுதான் பிழை. கல்முனைக்குடி நுஃமானின் 'புத்தரின் படுகொலை' கவிதையை எடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றியது. சிவில் உடையில் வந்த காவலர்கள் புத்தரைச் சுட்டு, நூலகத்துப் புத்தகங்களை அவர் உடல்மேல் போட்டு எரிக்கிறார்கள். தம்மபதமும் சேர்ந்து சாம்பலாகிறது. கவிஞர் பௌத்தத்தை ஏசவில்லை. எரிக்க வந்தவர்கள் முதலில் கொன்றது தங்கள் புத்தரைத்தான் என்கிறார். ஏசியிருந்தால் நாம் மட்டும் கைதட்டியிருப்போம்.

ஆனால் மற்றவன் பிழையை எழுதுவது சுலபம். 1990இல் மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நடந்த கொலைகளைத் தமிழர் எழுதியதையும் முஸ்லிம்கள் எழுதியதையும் ஒன்றாக வைத்து வாசியுங்கள். எதில் யாருடைய பிணத்துக்குப் பெயர் இருக்கிறது, யாருடையது வெறும் எண்ணிக்கை என்று குறித்துக்கொண்டு போங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் தானாக வரும். அது உங்களுக்கும் எனக்கும் பிடிக்காமலும் போகலாம்.

ஆரையம்பதி, கூத்துக்காரர்: இராவணனை நாயகனாக்கி ஆடுவது பிழை என்கிறார்களே?

என்ன பிழை, அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிறவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்)? 1960களிலேயே பேராதனையில் மௌனகுருவின் 'இராவணேசன்' மேடையேறிவிட்டது. நம் வடமோடிக் கூத்தில் துரியோதனனுக்கும் தனி வரவு ஆட்டம், அதாவது மேடைக்கு வரும்போது ஆடும் ஆட்டம், உண்டு. கெட்டவனும் தன் கம்பீரத்தோடு வந்து தன் நியாயத்தைப் பாடிவிட்டுத்தான் தோற்கிறான். சினிமாக்காரர்கள் உங்களிடம் படிக்க வேண்டிய விஷயம் இது.

மட்டக்களப்பு நகர், மாணவன்: எழுதியவர் நடத்தை சரியில்லை என்றால் அவர் கதையை வாசிக்கலாமா?

வாசியுங்கள். அவருக்கு மாலை போடுவதா வேண்டாமா என்பது வேறு கேள்வி.

வாழைச்சேனை, வாசகர்: விமர்சனத்தில் கதைச் சுருக்கம் எவ்வளவு எழுதலாம்? முடிவைச் சொல்லலாமா?

சுருக்கம் மூன்று நான்கு வசனம் போதும். முடிவைச் சொல்லாமல் நீதியைப் பற்றி எழுத வழியில்லை, ஆகவே சொல்லுங்கள். தலைப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.