வாசகர் கேள்வி: ஆல்பிரியோ இரட்டை விண்மீனின் அளவீடு இரவுக்கு இரவு மாறுவது ஏன்?

கே: 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் தொலைநோக்கியும், 60 பிரிவு அளவுகோல் பொறித்த ஐபீஸும் வைத்திருக்கிறேன். ஆல்பிரியோ ஜோடியின் இடைவெளி ஒருநாள் 31 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு), மறுநாள் 38 விகலை வருகிறது. விண்மீன்கள் நகர்கின்றனவா?

ப: இல்லை. ஆல்பிரியோவின் இடைவெளி சுமார் 35 விகலை. உங்கள் ஆயுளில் அது இந்த அளவுக்கு மாறாது. உங்கள் கருவியின் குவியத் தூரம் ஏறத்தாழ 2,000 மி.மீ. என்பதால் ஒரு பிரிவே சுமார் 10.3 விகலை. ஜோடி மூன்றரைப் பிரிவுக்குள் அடங்கிவிடுகிறது; கால் பிரிவு பிசகினாலே இரண்டரை விகலை போயிற்று. 2 மடங்கு பார்லோ (பிம்பத்தைப் பெரிதாக்கும் கூடுதல் வில்லை) போடுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. இவ்வகைத் தொலைநோக்கியில் குவியம் சரிசெய்யும் குமிழைத் திருகினால் முதன்மை ஆடியே நகரும், குவியத் தூரமும் மாறும். ஆகவே டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் ஆடி), பார்லோ எல்லாம் பொருத்தி, குவியம் சரிசெய்த பிறகே அளவுகோலைத் தரப்படுத்துங்கள். நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து உள்ள கோணத் தூரம்) 60 பாகை உள்ள விண்மீன் ஒன்றை எடுத்து, மோட்டாரை நிறுத்தி, அது அளவுகோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் நேரத்தைப் பத்து முறை குறியுங்கள். சராசரி விநாடியை 15.04ஆலும் விலக்கத்தின் கொசைனாலும் பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். பார்லோவுடன் 41 விநாடி வந்தால்: 41 × 15.04 × 0.5 ÷ 60 = ஒரு பிரிவுக்கு 5.14 விகலை.

ஜோடியை அளக்கும்போது முதன்மை விண்மீனை எப்போதும் ஒரே கோட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு கோட்டுக்கு நகர்த்திப் பத்து அளவு எடுங்கள். மூன்று இரவுகளின் சராசரியே நம்பத்தக்கது. நிலைக்கோணத்துக்கு (முதன்மை விண்மீனிலிருந்து துணை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வடக்கிலிருந்து அளக்கும் கோணம்) ஒவ்வொரு அளவிலும் விண்மீனை ஓடவிட்டு மேற்கைக் கண்டுகொள்ளுங்கள். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அசிமத் தாங்கியில் காட்சிப்புலம் சுழன்றுகொண்டே இருக்கும். முதல் அளவில் கண்ட மேற்கு பத்தாவதற்கு உதவாது. டயகனல் பிம்பத்தை இடவலமாகத் திருப்பும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கே: கேமராவில் பொலிவு வேறுபாட்டை அளக்கலாமா?

ப: அளக்கலாம். பிரகாசமான விண்மீனின் உச்சப் பிக்சல் 16 பிட் படத்தில் 45,000ஐத் தாண்டக் கூடாது. நிரம்பி வழிந்த பிக்சலால் வேறுபாடு குறைந்து தெரியும். ஆல்பிரியோவில் ஒன்று ஆரஞ்சு, மற்றது நீலம். ஃபில்டர் இல்லாமல் எடுத்த எண்ணைப் பிறர் அளவோடு ஒப்பிட முடியாது. பச்சை-மஞ்சள் ஒளியை விடும் தர வடிகட்டியான வி ஃபில்டர் போடுங்கள்.

கே: நகர்வைப் பார்க்க எந்த ஜோடி?

ப: ஆல்ஃபா சென்டாரி. சுற்றுக்காலம் சுமார் 80 ஆண்டு. 2016இல் 4 விகலையாகச் சுருங்கியிருந்த இடைவெளி இப்போது இரு மடங்குக்கும் மேல். 1689 டிசம்பரில் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் இதை இரட்டை என்று கண்டது நம் புதுச்சேரியிலிருந்துதான். மே, ஜூன் இரவுகளில் தெற்கே தாழ்வாகத் தெரியும். இந்த ஐபீஸுக்கு அது மிக நெருக்கம். கேமராவில் நூற்றுக்கணக்கான குறுநொடிப் படங்கள் எடுத்து, துல்லியமானவற்றை மட்டும் அடுக்கி அளவிடுங்கள்.